‘கோபமாக’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம்

என் முதல் களக்குறிப்பு மூன்று பக்கம். கொடுத்த மறுநாள் கைக்குத் திரும்பி வந்தபோது அதில் பதினொரு சிவப்பு வட்டங்கள். மதிப்பெண் கிடையாது, விளக்கம் கிடையாது, சில சொற்களைச் சுற்றி வட்டம் மட்டும். ‘வழக்கம்போல’ என்பதற்கு ஒன்று. (போனதே முதல் நாள், அதற்குள் வழக்கம் எனக்கு எப்படித் தெரிந்தது? அது எனக்கே உறைத்தது.) ‘நிறையப் பேர்’, ‘எளிமையானவர்’, ‘அலட்சியமாக’, ‘பாவம்’. இரண்டாம் பக்கத்தில் இருந்த ‘கோபமாக’ என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை சுற்றியிருந்தார் மேடம்.

நோட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

“கோபத்தை எங்க பார்த்த?”

“அவர் முகத்துல மேடம்.”

“முகத்துல என்ன பார்த்த?”

கொஞ்சம் யோசித்தேன். “நான் கேட்டதுக்குப் பதில் சொல்லல. உதட்டை இறுக்கி வெச்சுக்கிட்டார். நிமிர்ந்துகூடப் பார்க்கல.”

“அப்ப அதை எழுது. கோபமா இல்லையாங்கறதை அப்புறம் பார்த்துக்கலாம்.”

மானிடவியல் முதுகலையில் எங்களுக்கு ஆறு வாரக் களப்பயிற்சி. எட்டு மாணவர்கள், ஆளுக்கு ஓர் இடம். அந்த இடத்தில் தினமும் போய் உட்கார வேண்டும், பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், இரவு எழுத வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை கூடி அடுத்தவர் எழுதியதைப் படிக்க வேண்டும். எனக்கு வாய்த்தவர் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர். ஒரு மேசை, ஒரு விளக்கு, கண்ணாடி மூடி போட்ட சின்னத் தட்டுகள், கண்குழியில் செருகிக்கொள்ளும் ஒரு லென்ஸ். எதிரே ஒரு முக்காலி. ஆறு வாரமும் அந்த முக்காலியில்தான் இருந்தேன்.

இந்தத் துறைக்கே களப்பணி என்பது கற்றுக்கொடுக்கக்கூடியதுதானா என்பதில் ரொம்ப நாள் சந்தேகம் இருந்திருக்கிறது. 1920-களில் முதல்முறை களத்துக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் மானிடவியலாளர் எவான்ஸ்-பிரிட்சர்ட், துறையின் மூத்தவர்களிடம் போய் ஆலோசனை கேட்டிருக்கிறார். இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரிடம் பேசாதே, அதற்குள் உனக்குச் சலிக்காவிட்டாலும் அவருக்குச் சலித்திருக்கும் என்றாராம் வெஸ்டர்மார்க். கனவானாக நடந்துகொள் என்றாராம் ஹாடன். மலேரியா வராமலிருக்கத் தினமும் இரவு பத்து கிரெயின் கொய்னா சாப்பிடு, பெண்கள் பக்கம் போகாதே என்பது செலிக்மன் சொன்னது. மலினோவ்ஸ்கி, முட்டாள்தனம் எதுவும் பண்ணாதே என்று முடித்துக்கொண்டாராம். இவ்வளவுதான் பயிற்சி. அமெரிக்காவில் மானிடவியல் பேராசிரியர் குரோபரைப் பற்றி இன்னொரு கதை சொல்வார்கள். களத்தில் என்ன செய்யவேண்டும் என்று கேட்ட மாணவிக்கு அவர் அலமாரியிலிருந்து மிகத் தடிமனான ஓர் இனவரைவியல் நூலை (ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்க்கையைக் களத்தில் இருந்து பார்த்து எழுதிய நூல்) உருவிக் கையில் கொடுத்து, போய் இதைப்போல ஒன்று செய் என்றாராம்.

வகுப்பில் இதையெல்லாம் கேட்டு நன்றாகச் சிரித்தோம். முக்காலியில் உட்கார்ந்த முதல் நாள் சிரிப்பு வரவில்லை. களப்பணி என்பது நீச்சல் மாதிரி, தண்ணீரில் தள்ளிவிட்டால் தானாக வரும் என்று இன்றும் சில பேராசிரியர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். தள்ளிவிட்டதில் நீந்திக் கரையேறியவர்கள்தான் பிற்பாடு பேராசிரியர் ஆகிறார்கள். மற்றவர்கள் இந்தக் கதையைச் சொல்ல வகுப்புக்கு வருவதில்லை. என் அனுபவத்தில், கற்றுக்கொடுக்க முடியாதது கொஞ்சம் இருக்கிறது. கூச்சம் போவது, மனிதர்கள் மேல் ஆசை வருவது போன்றவை. மீதியெல்லாம் தச்சு வேலை, தையல் வேலைபோலப் பக்கத்தில் ஒருவர் இருந்து திருத்தினால் வருகிற கைவேலைதான்.

அந்தக் கைவேலையின் முதல் பாடம் நோட்டே இல்லாமல் தொடங்கியது. ஒரு மணி நேரம், கையில் காகிதமோ பேனாவோ போனோ இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு நேரே அறைக்கு வந்து, வழியில் யாரிடமும் பேசாமல், நினைவில் இருப்பதையெல்லாம் எழுத வேண்டும். பேசக்கூடாது என்பது சாமி விரதம் மாதிரித் தோன்றியது. காரணம் பிறகுதான் புரிந்தது. பார்த்ததை ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால் அது கதையாகிவிடுகிறது. கேட்பவர் சிரிக்கிற இடம் பெரிதாகிறது, சிரிக்காத இடம் உதிர்ந்துபோகிறது. அப்புறம் எழுத உட்காரும்போது நினைவுக்கு வருவது பார்த்தது அல்ல, சொன்னது.

பத்து நிமிடத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தோன்றிவிட்டது. ஒருவர் குனிந்து கடிகாரத்தை நோண்டிக்கொண்டிருக்கிறார், யாராவது வருகிறார்கள், கொடுக்கிறார்கள், போகிறார்கள். எப்போது முடியும் என்று தெரியவில்லை. சுற்றிலும் இருபது கடிகாரம், ஒன்றிலாவது சரியான நேரம் இல்லை. அரைமணி கடந்திருக்கும். ஒருவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். இரண்டடி போய் நின்று, வெறும் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். கடிகாரம் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டுக்கொண்டே போனார். அடுத்து வந்த பெண்ணும் அதையே செய்தார். அதற்கப்புறம் யார் வந்தாலும் நான் அவர்கள் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சலிப்பு வந்து, அதையும் தாண்டி உட்கார்ந்தால்தான் கண் திறக்கிறது போலிருக்கிறது. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உட்காரவைக்கலாம்.

நோட்டு வந்தபிறகு அதற்கென்று சில சட்டங்கள். களத்தில் இருக்கும்போது இரண்டொரு சொல் மட்டும் கிறுக்கிக்கொள்ளலாம், அதுவும் எதிரில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாமல். முழுக் குறிப்பு அன்றிரவே எழுதப்பட வேண்டும், தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். வலப்பக்கத்தில் பார்த்ததும் கேட்டதும், இடப்பக்கத்தில் நான் நினைத்தது. ஒருவர் சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருந்தால் மேற்கோள்குறிக்குள், சாரம் மட்டும் நினைவிருந்தால் குறியில்லாமல். கேட்க எளிது. ஆனால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததை எழுத நான்கு மணி நேரம் ஆனது. முதல் வாரம் முழுக்க என் இடப்பக்கம் வழிந்தது, வலப்பக்கம் காய்ந்துகிடந்தது. பார்த்தது கொஞ்சம், அதைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் ஏராளம்.

இதைத் தவிரத் தனியாக இன்னொரு நோட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார் மேடம். அதை யாரும் பார்க்கமாட்டார்கள். எரிச்சல், பயம், அழுகை எல்லாம் அதில். நியூ கினியாவை ஒட்டிய டிரோபிரியாண்ட் தீவுகளில் 1915-க்கும் 1918-க்கும் இடையே இரண்டு நீண்ட தங்கல்களாக வாழ்ந்து, உள்ளூர் மொழியைக் கற்று, நவீனக் களப்பணிக்கே முன்மாதிரி என்று பெயர் வாங்கியவர் மலினோவ்ஸ்கி. அவர் 1942-ல் இறந்தார். அவருடைய அந்தரங்க நாட்குறிப்பு 1967-ல் அச்சில் வந்தபோது துறையே ஆடிப்போனது. அந்த மக்கள்மேல் அவருக்கு இருந்த எரிச்சலும், இழிவான பேச்சும், நாவலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கழித்த நாட்களும் எல்லாம் அதில் இருந்தன. எனக்கு அந்த நாட்குறிப்பில் அதிர்ச்சியைவிட ஒருவித நிம்மதிதான் கிடைத்தது. இழிவாகப் பேசியதை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. ஆனால் களத்தில் யாருக்கும் மனசு கண்ணாடியாக இருப்பதில்லை, அழுக்கு எங்கே இருக்கிறதென்று தெரிந்தால் துடைக்கவாவது பார்க்கலாம்.

இரண்டாம் வாரத்தில் வந்த பயிற்சிதான் என்னை அதிகம் அடித்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தி என்னோடு வந்து, அதே இடத்தில், அதே ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். இருவரும் தனித்தனியாக எழுதி, வாரக் கூட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தோம். என் குறிப்பு முழுக்கக் கைகள். அவள் குறிப்பு முழுக்க ஓசைகள்: மூடி திறக்கிற ‘டக்’, ஊதுகிற சத்தம், ஒரு கடிகாரத்தைக் காதோரம் வைத்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டது. நான் காதோரம் வைத்ததை எழுதியிருந்தேன், கண்ணை மூடியதை எழுதவில்லை. சரி, ரசனை வேறு என்று விடலாம். ஆனால் எண்ணிக்கையிலும் இடித்தது. அந்த ஒரு மணி நேரத்தில் வந்துபோனவர்கள் எனக்குப் பதினான்கு, அவளுக்குப் பதினேழு.

“அந்த மூணு பேரு யாரு?” என்றார் மேடம்.

பார்த்தால், கூட்டிப் பெருக்க வந்த ஓர் அம்மா, யாரோ சொல்லியனுப்பிய சேதியைச் சொல்லிவிட்டு ஓடிய ஒரு பையன், கடிகாரமே இல்லாமல் வந்து நின்று கால்மணி நேரம் பேசிவிட்டுப் போன இன்னொரு முதியவர். மூவரையும் நான் பார்த்தேன். எண்ணவில்லை. ‘வந்துபோனவர்கள்’ என்று எழுதிக்கொண்டு, கடிகாரத்தோடு வந்தவர்களை மட்டும் எண்ணியிருக்கிறேன், அதுவும் அப்படிச் செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல். அன்று கூட்டிப் பெருக்க வந்த அம்மாவுக்குத்தான் பெரியவரிடம் யார் யார் கடன் வைத்திருக்கிறார்கள் என்பது முதல் எல்லாமும் தெரியும் என்று ஐந்தாம் வாரத்தில் தெரிந்துகொண்டேன். நான் எண்ணாத ஆள்.

உறவுமுறை வரைபடம் அடுத்து. இதற்கு 1898-ஆம் ஆண்டு வரை போக வேண்டும். கேம்பிரிட்ஜிலிருந்து, ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினியாவுக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணைக்குப் போன ஆய்வுக் குழுவில் ரிவர்ஸ் என்ற மருத்துவர் இருந்தார். பார்வை, கேட்டல் போன்ற புலன்களைச் சோதிக்கப் போனவர், யாருக்கு யார் என்ன உறவு என்று குறிக்கத் தொடங்கி அதிலேயே இறங்கிவிட்டார். அவர் கண்டுபிடித்த சூட்சுமம், உறவுச்சொல்லை நம்பாதே என்பது. அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி என்ற சில சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுப் போக வேண்டும். ஏன் என்பது தமிழ் பேசுகிறவருக்கு உடனே விளங்கும். ‘அவர் என் மாமா’ என்றால் அம்மாவின் தம்பியா, அத்தையின் கணவரா, மாமனாரா, அல்லது எந்த உறவும் இல்லாத எதிர்வீட்டுக்காரரா? சொல்லில் இல்லை. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி, இறந்தவர்மேல் ஒரு கோடு. ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பெரியவரின் நான்கு தலைமுறையை வரைந்து, பெருமையோடு அவரிடமே காட்டினேன்.

அவர் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, காகிதத்தை விளக்குக்குக் கீழே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவரை எங்கேம்மா போட்டிருக்க?”

போட்டிருக்கவில்லை. போட என்னிடம் குறியீடும் இல்லை. ரத்தத்துக்குக் கோடு உண்டு, கல்யாணத்துக்குக் கோடு உண்டு, தொழிலுக்குக் கிடையாது. கடைசியில் புள்ளிக்கோடு ஒன்று போட்டுக்கொண்டேன். அந்தப் புள்ளிக்கோட்டைப் பிடித்துக்கொண்டு போனபோது அவருக்குக் கற்றுக்கொடுத்தவர், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் என்று அவர் சொன்ன கதைகள், முக்கோணமும் வட்டமும் தந்ததைவிட மூன்று மடங்கு நீளம்.

மென்பொருளில் குறிப்புகளைத் தலைப்பிட்டுப் பிரிக்கும் பயிற்சி ஒரு நாள் நடந்தது. பயன் உண்டு, சொல்ல ஒன்றும் இல்லை.

ஒப்புதல் படிவத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. முதல் நாளே நீட்டினேன். ஆய்வின் நோக்கம், பெயர் மறைக்கப்படும் என்ற உறுதி, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரி, கீழே கையெழுத்துக்கு இடம். பெரியவர் வாசித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். “ரிப்பேருக்கு வந்த சாமானுக்குத்தான் நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறது. நீ என்ன ரிப்பேருக்கா வந்திருக்க? உட்காரு.” அதுவே ஒப்புதல்தானா? கையெழுத்து வாங்க முடியாத இடத்தில் வாய்மொழி ஒப்புதல் போதும், ஆனால் என்ன சொல்லிக் கேட்டேன், அவர் என்ன சொன்னார் என்பதைத் தேதியோடு குறித்து வைக்க வேண்டும் என்றார் மேடம். அதோடு, ஒருமுறை வாங்கிய ஒப்புதல் ஆறு வாரத்துக்கும் செல்லாது, இடையில் நினைவூட்டிக்கொண்டே இரு என்றார். நாம் ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறோம் என்பதை அவர்கள் மறந்துபோவதில் நமக்கு ஒரு சந்தோஷம் வருமே, அங்கேதான் கவனமாக இருக்கவேண்டும்.

இந்த விஷயத்தில் துறையின் பழைய கணக்கு அவ்வளவு சுத்தமில்லை. முதல் உலகப் போரின்போது மானிடவியலாளர்கள் நான்கு பேர் ஆராய்ச்சி என்ற போர்வையில் உளவு பார்த்தார்கள் என்று, பெயர்களைச் சொல்லாமல், 1919 டிசம்பரில் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார் அமெரிக்க மானிடவியலின் முன்னோடியான ஃபிரான்ஸ் போவாஸ். பத்து நாளில் அமெரிக்க மானிடவியல் சங்கம் கூடிக் கண்டனம் தெரிவித்தது, உளவு பார்த்தவர்களை அல்ல, போவாஸை. அந்தக் கண்டனத்தைச் சங்கம் திரும்பப் பெற்றது 2005-ல்தான். நோட்டோடு ஓர் ஆள் வந்து உட்கார்ந்தால் ஊர் ஏன் சந்தேகப்படுகிறது என்று யாராவது அலுத்துக்கொண்டால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். தெற்கு சூடானில் வாழும் நூவர் மக்களிடையே எவான்ஸ்-பிரிட்சர்ட் ஒருவரிடம் அவருடைய வம்சப் பெயரைக் கேட்க, அவர் அது உமக்கு எதற்கு என்று நழுவி நழுவிப் போனதை அப்படியே உரையாடலாக எழுதி வைத்திருக்கிறார். அந்த நூவர் மனிதர் கேட்டது நியாயமான கேள்வி.

பெயரை மாற்றினால் போதும் என்றும் இல்லை. எங்களில் ஒருவன் தன் குறிப்பில் எல்லாப் பெயரையும் கவனமாக மாற்றிவிட்டு, ‘அந்தத் தெருவின் ஒரே மருத்துவச்சி’ என்று எழுதியிருந்தான். தெருவே கண்டுபிடித்துவிடும். அதனால் இங்கே நான் சொல்கிற பெரியவர் உண்மையிலேயே கடிகாரக்காரர்தானா, மேசையின் அந்தப் பக்கம் இருந்தது கடிகாரம்தானா என்றெல்லாம் தோண்டவேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும், பயிற்சிக் கையேடுகளில் இது ஒரு பத்தியாக முடிந்துவிடுகிறது. எங்களில் ஒருத்தி நான்காம் நாள் தன் இடத்திலிருந்து திரும்பி வந்து, இனிமேல் அங்கே போகமாட்டேன் என்றாள். அங்கே ஒருவர் பார்த்த பார்வையும், வழி மறித்து நின்றதும். அதை ‘களச் சவால்’ என்று எழுதித் தாங்கிக்கொள்ளவேண்டுமோ என்று அவளே யோசித்திருக்கிறாள். மேடம் அன்றே இடத்தை மாற்றினார். தினமும் மாலை எட்டு பேரும் பத்திரமாக வந்துவிட்டோம் என்று குறுஞ்செய்தி அனுப்புவது அன்றிலிருந்து வழக்கமானது. முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டிய வழக்கம்.

இனி என் சொதப்பல். நேர்காணல் எப்படி எடுப்பது என்று ஒரு முழு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஆம், இல்லை என்று முடிகிற கேள்வியைக் கேட்காதே. ‘இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா’ என்றால் ‘பிடிக்கும்’ என்பார், அத்தோடு கதை முடிந்தது. ‘காலையில வந்து உட்கார்ந்ததும் முதல்ல என்ன செய்வீங்க’ என்று தொடங்கு. அவர் நிறுத்தினால் நீயும் சும்மா இரு, மனசுக்குள் ஏழு வரை எண்ணு. எல்லாம் பாடமாகிவிட்டது. நாற்பத்தெட்டு நிமிடம் பதிவு செய்துகொண்டு, நல்ல நேர்காணல் என்ற திருப்தியோடு வந்தேன்.

பிறகு அதை எழுத்தாக்க வேண்டும். வேறு யாரிடமும் கொடுக்கக்கூடாது, நாமே கேட்டு, ‘ம்’ உட்பட எழுத வேண்டும். ஐந்து மணி நேரத்துக்குமேல் ஆனது. முப்பத்தோராவது நிமிடத்தில் அவர் குரல் கொஞ்சம் தணிகிறது. “பெரியவன்கூட ஒரு வருஷம் இங்க உட்கார்ந்தான்... அப்புறம் ஒரு நாள்...” அங்கே ஒரு இடைவெளி. நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், இரண்டு விநாடிகூட இல்லை. உடனே என் குரல், சுறுசுறுப்பாக: “சரி சரி. ஒரு நாளைக்கு எத்தனை கடிகாரம் வரும் ஐயா?” அவர் மரியாதையாகப் பதில் சொல்கிறார். “ஏழெட்டு வரும்மா.”

என் கையில் இருந்த கேள்வித்தாளில் அடுத்த கேள்வி அது. மகனைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை என்று சொல்லமாட்டேன், பேசினார். ஆனால் அந்த ‘அப்புறம் ஒரு நாள்’ அப்படியே நின்றுபோனது. ஏழு வரை எண்ணச் சொன்னார்கள். நான் இரண்டுகூட எண்ணவில்லை.

நான்காம் வாரம், சும்மா பார்த்துக்கொண்டிருந்தது போதும், கையில் எடு என்றார் அவரே. இனி ஓடவே ஓடாத ஒரு பழைய கடிகாரத்தின் உள்பகுதியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். ஒரு திருகாணியைக் கழற்றி, மறுபடி அதே துளையில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். எள்ளில் பாதி இருக்குமா அது? லென்ஸைக் கண்குழியில் பிடித்து நிறுத்தவே எனக்கு அரைமணி ஆனது, புருவத்தைச் சுருக்கினால் விழுகிறது, தளர்த்தினாலும் விழுகிறது. சாமணத்தால் திருகாணியைப் பிடித்துத் தூக்கிய மறுகணம் அது இல்லை. எங்கே போனதென்றே தெரியவில்லை. காந்தத்தை வைத்துக்கொண்டு இருவரும் தரையில் தேடினோம்.

“அழுத்திப் பிடிச்சா தெறிச்சுடும். லேசாப் பிடிச்சா நழுவிடும். மூச்சு விட்டா பறந்துடும்.”

“அப்ப என்னதான் பண்றது ஐயா?”

“மூச்சு விடாத.”

மறுபடி எடுத்தேன். உதட்டை இறுக்கி மூடி, மூச்சை அடக்கி, திருகாணியைத் துளைக்கு மேலே கொண்டுபோனேன். அப்போதுதான் ஒருவர் வந்து மேசைக்கு முன்னால் நின்றார். நேற்றுக் கொடுத்த கடிகாரம் ரெடியா என்று கேட்டார். எனக்குக் கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் காற்று வரும். மறுபடி கேட்டார். நான் நிமிரவில்லை. “கேட்டா பதில் சொல்றதுக்கென்ன, இவ்வளவு கோவமா?” என்று பெரியவரிடம் முறையிட்டார். பெரியவர் சிரிக்கத் தொடங்கினார். திருகாணி துளையில் உட்கார்ந்தது. நான் மூச்சை விட்டேன்.

அன்றிரவு முதல் நோட்டை எடுத்து இரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். ‘நான் எவ்வளவு நாளாக இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள் என்று கேட்டதற்குக் கோபமாகத் தலையைக் குனிந்தபடி மௌனமாக இருந்தார்.’

வெட்கமாக இருந்தது, வேறொரு காரணத்துக்காகவும். கண் இமை தானாகத் துடிப்பதற்கும் ஒருவர் வேண்டுமென்றே கண்ணடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி ரைல் என்ற தத்துவ அறிஞர் சொன்ன உதாரணம் ஒன்று உண்டு. 1973-ல் மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் அதை எடுத்தாண்டதிலிருந்து இந்தத் துறையில் அதைத் தெரியாதவர் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், அர்த்தம் மட்டும் வேறு. நான் அதைப் பற்றித் தேர்வில் நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். வாங்கிய இரண்டு மாதத்தில், மூச்சை அடக்கிய மனிதரைக் கோபக்காரர் என்று எழுதிவைத்திருக்கிறேன். களப்பணி முறைக்குச் சொல்லப்படும் ‘பங்கேற்று உற்றுநோக்குவது’ என்ற சொற்றொடரில் பங்கேற்பு எதற்கு என்று எனக்கு விளங்கியது அந்தத் திருகாணியால்தான். நட்பு கிடைக்கும், நம்பிக்கை வளரும் என்பதெல்லாம் சரி. அதைவிட, உடம்பு எங்கே இறுகும் என்பது கண்ணால் பார்த்தால் தெரியாது.

ஐந்தாம் வாரத்தில் இன்னொன்று நடந்தது. அதுவரை தொழிலைப் பற்றிப் பேசும்போது பெரியவர் ‘நாங்க’ என்பார். ‘நாங்க இதைத் திறக்கமாட்டோம்’, ‘நாங்க இப்படித்தான் அடுக்குவோம்.’ கேட்கிற ஆளை வெளியே நிறுத்துகிற ‘நாங்கள்’. அன்று ஒருநாள் ஒரு கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம், “இதை நாம தொடவேண்டாம்மா” என்றார். நாம! ஆங்கிலத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இந்த வாய்ப்பே கிடையாது, அவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல். மலினோவ்ஸ்கி கற்ற கிலிவிலா மொழியில் நம்மைப்போலவே இரண்டும் தனித்தனியாக உண்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைய குறிப்பில், ‘இன்று என்னைத் தன்னில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்’ என்று எழுதினேன், வலப்பக்கத்தில்.

‘ஏற்றுக்கொண்டார்’ என்பதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வந்தது.

கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். (அது கோபம்தான், எனக்குத் தெரியும்.) “தேதியைப் போடு, ‘நாம’ன்னு சொன்னதைப் போடு, யார் யார் கூட இருந்தாங்கன்னு போடு. வேற யார்கிட்ட எல்லாம் ‘நாம’ன்னு சொல்றார்னு ஒரு வாரம் கேளு” என்றார். கேட்டேன். ரிப்பேர் செய்யமுடியாத கடிகாரத்தோடு வருகிற எல்லாரிடமும் அவர் ‘நாம’ என்றுதான் சொல்கிறார். முடியாது என்பதை அப்படித்தான் மென்மையாகச் சொல்வாராம்.

கடைசி வாரக் கூட்டத்தில் மேடம் சொன்ன ஒரு சம்பவம் எங்கள் எல்லாரையும் அன்றிரவே நோட்டுகளைப் படமெடுத்து வைக்க ஓடவைத்தது. இந்திய மானிடவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் 1948-ல், ராம்புரா என்ற பெயரில் அவர் குறிப்பிடும் கர்நாடக ஊரில் களப்பணி செய்தார். அந்தக் குறிப்புகளைப் பல வருடம் உழைத்து ஒழுங்குபடுத்தி, அவற்றை வைத்து நூல் எழுத 1970-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஓர் ஆய்வு மையத்தில் போய் அமர்ந்திருந்தார். ஏப்ரலில் யாரோ அந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைத்தார்கள். ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று பிரதிகளும் அங்கேதான் இருந்தன. பிறகு நினைவிலிருந்தே அவர் எழுதிய நூல் 1976-ல் வந்தது. அந்த நூலைக் காட்டி, பார்த்தாயா, குறிப்பு இல்லாவிட்டாலும் எழுதலாம் என்பவர்கள் உண்டு. அவ்வளவு வருடம் அந்தக் குறிப்புகளையே புரட்டிப் புரட்டித்தான் அந்த நினைவு உறுதிப்பட்டிருந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

பயிற்சியின் கடைசி வேலை, எழுதியதை உரியவருக்கே வாசித்துக் காட்டுவது. ஆறு வாரத்தில் எனக்கு அதிகம் வயிற்றைக் கலக்கியது அதுதான். முக்காலியில் உட்கார்ந்து வலப்பக்கங்களை மட்டும் வாசித்தேன். அவர் வேலையை நிறுத்தவில்லை. ‘கோபமாக’ வந்த இடத்தையும் விடாமல் வாசித்தேன். லென்ஸோடு நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சில இடங்களைத் திருத்தினார்: இரண்டு பெயர், ஒரு வருடம், சாமணத்தைப் பிடிக்கிற விரல். அப்புறம் கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். மெதுவாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தினார்.

“இது ஏன் ஒண்ணும் இல்லாம இருக்கு?”

மூன்றாம் வாரம், வியாழக்கிழமை. தேதி மட்டும் போட்டிருந்தது. அன்று வந்திருந்தேன், மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரவு தோழிகளோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கிப்போனேன். மறுநாள் எழுத உட்கார்ந்தபோது குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிட்டேன். அதையே அவரிடம் சொன்னேன்.

“ஒண்ணும் நடக்கலையா?” லென்ஸைக் கழற்றித் தட்டில் வைத்தார். “அன்னைக்குத்தானேம்மா பெரியவன் வந்து அந்த ஓரத்துல நின்னுட்டுப் போனான்.”

நான் பேனாவைத் தேடினேன். அவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.